அந்தப் பிசினை அம்மாவுக்குப் பூசுவதற்கு முன்

டேராடூன்
ஏப்ரல் 14

அன்புள்ள தேவகிக்கு,

இங்கு அனைவரும் நலம். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. மருமகனுக்குத்தான் இன்னும் தமிழ் முளைக்கவில்லை. உன் முழங்காலைப் பற்றி அடுத்த கடிதத்தில் விசாரித்துக்கொள்கிறேன், இப்போது அவசரம் வேறு.

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீனு அண்ணன் ஏதோ காணொளியைப் பார்த்து இணையத்தில் வரவழைத்திருக்கும் பைன் பிசின் கட்டி, அதை நல்லெண்ணெயில் உருக்குவதற்காக அடுப்பில் ஏற்றியிருக்கும் இரும்புச் சட்டி, பக்கத்தில் டர்பன்டைன் சீசா ஆகிய மூன்றும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. அம்மாவின் படுக்கைப் புண்ணுக்கு இதைப் பூசலாமா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். நானும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: பூசக் கூடாது, சட்டியை இறக்கி வைக்கச் சொல். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அண்ணனுக்காக. ஒரு வரிப் பதிலை அவர் ஏற்றுக்கொண்டதாக நம் கல்லூரி நாட்களிலிருந்தே வரலாறு இல்லை.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை நடந்த சமயத்தில், கட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தபோது, அது இருந்த இடம் முழுவதும் சிவந்து, சிறு கொப்புளங்கள் கிளம்பி, இரண்டு வாரம் அரிப்பில் அவர் தூங்காமல் கிடந்ததாக நீ தொலைபேசியில் புலம்பினாய் அல்லவா? பழைய வகைத் துணிப் பிளாஸ்திரியின் பசையில் ரப்பர், துத்தநாக ஆக்ஸைடு ஆகியவற்றோடு, ஒட்டும் தன்மைக்காக ரோசினும் சேர்க்கப்படும். அண்ணன் சட்டியில் போட இருக்கும் மஞ்சள் கட்டியும் அதே ரோசின்தான். அன்றைய கொப்புளத்துக்குக் காரணம் ரோசின்தான் என்று நான் இங்கிருந்துகொண்டு அடித்துச் சொல்ல முடியாது, ரப்பராகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகம் தீராமல், தோல் உரிந்து சதை தெரியும் இடத்தில் அதையே குழைத்துப் பூசுவது எனக்குச் சம்மதமில்லை.

மரத்தின் புண்ணை ஆற்றும் பிசின் மனிதரின் புண்ணை ஆற்றாதா என்று அண்ணன் கேட்பார். மரம் அதைக் கொண்டு புண்ணை ஆற்றுவதில்லை. துளைக்க வரும் வண்டையும் பூஞ்சையையும் பிசினில் மூழ்கடித்து, திறந்த வாயை அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். குமாவுன் மலைப் பக்கம் இதை லீசா என்கிறார்கள். அங்குள்ள சிர் பைன் மரத்தின் பட்டையைச் சீவி, சாய்வான கீறல்களை இட்டு, கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த நீர்த்த கரைசலை அவற்றின் மேல் தெளித்து, கீழே ஒரு குவளையைத் தொங்கவிடுகிறார்கள். நாகர்கோவில் பக்கத்து ரப்பர் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு மற்றதை விளக்க வேண்டியதில்லை. சேர்ந்ததை ஆலையில் நீராவியால் வடிக்கும்போது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டர்பன்டைனாக ஆவியாகி வெளியேறுகிறது. 70 முதல் 75 விழுக்காடு வரை ரோசினாக அடியில் தங்குகிறது. ஆக, உன் அண்ணன் ஒரே மரத்துச் சரக்கை இரண்டு பொட்டலமாக இரண்டு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்.

ரோசினில் பெரும்பகுதி பிசின் அமிலங்கள். அபியடிக், லெவோபிமாரிக், நியோஅபியடிக், பாலஸ்ட்ரிக் என்று பெயர்கள் வேறுபட்டாலும், இந்த நான்கிலும் இருபது கார்பனும் முப்பது ஹைட்ரஜனும் இரண்டு ஆக்ஸிஜனும்தான் உள்ளன. இரட்டைப் பிணைப்புகள் அமைந்திருக்கும் இடம்தான் மாறுகிறது. சூடுபட்டால் மற்றவற்றில் பெரும்பகுதி அபியடிக் அமிலமாக உருமாறிவிடும். அந்த இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து நிற்பதால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அவற்றை எளிதில் தாக்கி, ஹைட்ரோபெராக்ஸைடுகள் என்ற ஆக்ஸிஜன் ஏறிய, எளிதில் வினைபுரியும் பொருள்களை உண்டாக்குகிறது. தூய அபியடிக் அமிலம் தோலை அவ்வளவாகச் சீண்டுவதில்லை என்றும், காற்றுபட்டு உருவாகும் 15-ஹைட்ரோபெராக்ஸி அபியடிக் அமிலமே ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் பொருள் என்றும் ஸ்வீடனின் ஆன்-தெரேஸ் கார்ல்பெர்க் 1980களில் கண்டறிந்தார். எத்தனை நாள் எந்தக் கிடங்கில் காற்றுபடக் கிடந்தது என்று தெரியாத கட்டியை, அகன்ற சட்டியில் மீண்டும் காற்றுபட உருக்கினால் அது சுத்தமாகிவிடும் என்று நம்புவதற்கு வேதியியலில் இடமில்லை.

உங்கள் பாட்டி குங்கிலிய வெண்ணெய் செய்து தீப்புண்ணுக்குப் போட்டதை அண்ணன் அடுத்து எடுத்துவிடுவார். நானும் அதை வாங்கிப் போட்டவள்தான், மறுக்கவில்லை. ஆனால் குங்கிலியம் சால மரத்துப் பிசின். அதில் பெரும்பாலும் முப்பது கார்பன் கொண்ட டிரைடெர்பீன்களே இருக்கின்றன. மரத்தில் வடிவதும், சூட்டில் இளகுவதும், மணப்பதும் ஒன்றுபோல் இருக்கலாம், மூலக்கூறு வேறு. குங்கிலியத்துக்குச் சித்த மருத்துவர் சொன்ன செய்முறையைப் பைன் ரோசினுக்கு மாற்றிப் போட எந்தச் சித்தரும் சொல்லவில்லை.

இடையில் ஒரு பெருமையைச் சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. நாம் மெரினாவில் சுண்டலைக் கொறித்துக்கொண்டே தினமும் கடந்து போன மாநிலக் கல்லூரியில், 1910ஆம் ஆண்டு வேதியியல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் ஜான் லயனல் சைமன்சன். 1914இல் இந்திய அறிவியல் மாநாடு தொடங்குவதற்கு மக்மஹோன் என்ற இன்னொரு வேதியியலாளருடன் சேர்ந்து காரணமாக இருந்தவரும் அவரே. 1919இல் அவர் சென்னையை விட்டு, இதோ என் மகள் வீட்டிலிருந்து வண்டியில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். வந்த வேகத்தில் சிர் பைன் டர்பன்டைனைப் பிரித்து, 3-கேரின், லாங்கிஃபோலீன் என்ற இரண்டு பொருள்களைக் கண்டார். சிர் பைனின் அன்றைய அறிவியல் பெயர் பைனஸ் லாங்கிஃபோலியா. அதிலிருந்து வந்ததுதான் இரண்டாவதன் பெயர். அதன் அமைப்பு 1953 வரை பிடிபடவில்லை. 1961இல்தான் அமெரிக்க வேதியியலாளர் கோரி அதை ஆய்வகத்தில் முழுவதுமாகத் தொகுத்தார். இதையெல்லாம் நமக்கு ஒரு பாடவேளையிலாவது யாராவது சொல்லியிருந்தால், கரிம வேதியியல் வகுப்பில் நீ கடைசி வரிசைக்குப் போயிருக்க மாட்டாய்.

இதைச் சொன்னதில் வேறு காரணமும் இருக்கிறது. நம் நாட்டு டர்பன்டைனில் அந்த 3-கேரின் மிகுதி. அதுவும் காற்றுபட்டால் ஹைட்ரோபெராக்ஸைடாகும். டர்பன்டைனைக் கையாளும் ஓவியர்களுக்கும் பீங்கானில் வண்ணம் தீட்டுவோருக்கும் கையில் வரும் தோலழற்சிக்கு அதுவே முதன்மைக் காரணம் என்று சொல்லப்படுகிறது. அண்ணன் வாங்கிய இரண்டு பொட்டலத்திலும் ஆக, தோலைக் கெடுக்கும் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நான் பிசினுக்கு எதிரி என்று எண்ணிவிடாதே. மருந்துக் கடைக்கு அது செய்திருக்கும் ஊழியம் பெரிது. ரோசினிலிருந்து கிடைக்கும் டிஹைட்ரோஅபியடிக் அமிலத்தோடு கந்தகத் தொகுதியைச் சேர்த்துச் செய்த எகாபெட் சோடியம் ஜப்பானில் இரைப்பைப் புண்ணுக்குத் தரப்படுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமீனைக் கொண்டு, மெதுவாகக் கரையும் ஹைட்ராபமின் பெனிசிலினை 1950களில் செய்தார்கள். உன் பேரனின் பல்லில் பல் மருத்துவர் தடவிய ஃபுளோரைடு வார்னிஷ் எச்சிலில் கரைந்து ஓடாமல் ஒட்டி நின்றதும் பெரும்பாலும் ரோசினால்தான். டர்பன்டைன் பக்கம் போனால், அதிலுள்ள ஆல்ஃபா பைனீனைக் கேம்ஃபீனாக்கி, அதை ஐசோபோர்னியோலாக்கி, பின் ஹைட்ரஜனை நீக்கினால் கற்பூரம். காஞ்சிபுரத்திலேயே அதற்கு ஆலை இருக்கிறது. நீ வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றுவது பெரும்பாலும் பைன் காட்டிலிருந்து வந்த கற்பூரம். இவை எல்லாவற்றிலும் பிசின் பிரிக்கப்பட்டு, மாற்றப்பட்டு, அளவு குறிக்கப்பட்டு வருகிறது. இரும்புச் சட்டியில் இவற்றில் எதுவும் நடக்காது.

இப்போது அண்ணனுக்குச் சாதகமான சாட்சியையும் வைத்துவிடுகிறேன். இல்லையென்றால் மறைத்துவிட்டேன் என்பார். ஃபின்லாந்தின் வடக்கே லாப்லாந்தில், ஸ்ப்ரூஸ் மரத்துப் பிசினைக் கொழுப்பில் காய்ச்சிப் புண்ணுக்குப் போடும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. ஆர்னோ சிப்போனென் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதைப் படுக்கைப் புண்ணிலேயே சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். 37 நோயாளிகளோடு தொடங்கிய அந்த ஆய்வில், ஆறு மாதம் வரை நிலைத்தவர்களுள் பிசின் களிம்பு போட்ட 13 பேரில் 12 பேருக்கும், வழக்கமான கட்டு போட்ட 9 பேரில் 4 பேருக்கும் புண் முழுமையாக ஆறியது. அண்ணன் பார்த்த காணொளிக்கும் இதுவே மூலமாக இருக்கலாம். எனக்கும் இந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது. ஸ்டேஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளின் செல்சுவரை அந்தப் பிசின் குலைப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் தேவகி, அது ஸ்ப்ரூஸ், பைன் அன்று. பைனுக்கு உறவுதான், ஆனால் லிக்னான்கள், சின்னமிக் அமில வகைகள் என்ற வேறு வேதிப்பொருள்களும் கலந்த தனிச் சரக்கு. டர்பன்டைனை வடித்தெடுத்த பிறகு மிஞ்சிய ரோசின் கட்டியில் அந்தக் கலவையை எதிர்பார்க்க முடியாது. சோதனையும் சிறியது, நடுவில் விலகியவர்களும் பலர். இன்று மருந்தகத்துக்கு வரும் அந்தக் களிம்பு வடிகட்டிய பிசினை அளவாகச் சேர்த்துச் செய்தது. பிசின் ஒவ்வாதவர்கள் போடக்கூடாது என்ற எச்சரிக்கை அதற்கும் உண்டு.

இனி விளையாட்டாக எழுத மனம் வரவில்லை. அந்தச் சீசாவிலிருந்து சர்க்கரையில் சொட்டுவிட்டு அண்ணன் தினமும் விழுங்குவதாகவும், அம்மாவுக்கும் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். டர்பன்டைனைக் குடற்புழுவுக்கு இப்படிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அது சிறுநீரகத்தைப் புண்ணாக்கும், வலிப்பை வரவழைக்கும், புரையேறினால் நுரையீரலை அழற்சியில் தள்ளும் என்று தெரிந்த பிறகும் அதைத் தொடர்வதில் அர்த்தமில்லை. சுமார் 15 மில்லி உள்ளே போய்க் குழந்தைகள் இறந்ததாகப் பதிவுகள் உள்ளன. விழுங்கச் சிரமப்படும் எண்பது வயது அம்மாவுக்கு அது ஒரு சொட்டும் போகக் கூடாது. உன் வீட்டுக்குப் பேரன் வந்து போகிறான் என்பதையும் நினைத்துக்கொள். சீசாவை இன்றே வீட்டை விட்டு வெளியேற்று. அண்ணனுக்கு இருமலோ, சிறுநீரில் வழக்கத்துக்கு மாறான மணமோ நிறமோ இருந்தால், குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்.

புண்ணுக்கு வருகிறேன். அழுத்தம் விலகாமல் எந்தக் களிம்பும் வேலை செய்யாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வை. இரவில் அந்த முறையை அண்ணன் ஏற்றுக்கொள்ளட்டும், அவருடைய ஆர்வத்துக்கு அது நல்ல வடிகால். காற்று மெத்தை வாடகைக்கும் கிடைக்கிறது. புரதத்துக்கு முட்டை வேண்டாம் என்றால் பருப்பும் தயிரும் கூட்டிக் கொடு. புண்ணில் கருத்த சதையோ துர்நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் காத்திருக்காமல் அறுவை மருத்துவரிடம் காட்டு. எந்தக் கட்டானாலும் துணிப் பிளாஸ்திரி வேண்டாம், ரோசின் இல்லாத ஒட்டு வேண்டும் என்று செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

புண் சற்று அடங்கியதும் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்யக் கேள். பட்டியலில் கொலோஃபனி என்ற பெயரில் ரோசின் இருக்கும். புண்ணிலிருந்து விலகி, முதுகின் மேல்பகுதியில் இரண்டு நாள் ஒட்டி வைத்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஒவ்வாமை இல்லை என்று வந்தால், அந்த ஃபின்லாந்துக் களிம்பைப் பற்றி உன் மருத்துவரிடம் பேசலாம். வேண்டிய தாள்களை நான் அனுப்புகிறேன்.

இந்தக் கடிதத்தை அண்ணனுக்கு நீ வாசித்துக் காட்டாதே, அவர் கையிலேயே கொடுத்துவிடு. மறுப்பு இருந்தால் பதினெட்டாம் தேதிக்குள் எழுதச் சொல், நான் மறுபடியும் எழுதத் தயார். நல்லெண்ணெயை வீணாக்காமல் தோசைக்கு எடுத்துக்கொள், ரோசின் விழாமல் இருந்தால்.

அன்புடன்,
கோமதி