மனுஷ வாடை இல்லன்னு சொல்லாதீங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த இசைக் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். இப்ப வர்ற இங்கிலீஷ் பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல தட்டி எடுக்கறது, அதுல மனுஷ வாடையே இல்லங்கற மாதிரி எழுதியிருந்தீங்க. பெரிய பெரிய பாப் பாட்ட மட்டும் கேட்டா அப்படித் தோணலாம், ஆனா பெரிய கம்பெனி பிடிப்பு இல்லாம பாடற இண்டி ராக், நாட்டுப்புறப் பாட்டு வழியில வர்ற ஃபோக், இந்தப் பக்கம் 2024, 2025ல வந்த ஆல்பங்கள கேட்டவங்க யாரும் இத ஒத்துக்க மாட்டாங்க. நான் வேலைக்குப் போக வர பஸ்லயே ஒன்றரை மணி நேரம் ஆகும், அந்த நேரத்துல ஒரு ஆல்பத்த முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் நடுவுல மாத்தாம கேக்கறது எனக்குப் பழக்கமாயிடுச்சு. அப்படிக் கேட்டதுல மனசுல தங்கினத எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போனா மன்னிச்சுக்கோங்க.

முதல்ல ஏட்ரியன் லெங்கரோட 'பிரைட் ஃபியூச்சர்'. பிக் தீஃப் பேண்ட்ல பாடற பொண்ணு, இது தனியா போட்ட ஆல்பம், 2024 மார்ச் 22 வந்துச்சு. காட்டுக்குள்ள இருக்கற ஒரு ஸ்டூடியோவுல நாலு பேர் உக்காந்து பாடி வாசிச்சு, டேப்லயே ரெக்கார்ட் பண்ணாங்க. டேப்னா என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. கம்ப்யூட்டர்னா ஒரு வார்த்தை பிசிறினாலும் அத மட்டும் வெட்டி எடுத்து வேற ஒட்டலாம், சுருதிய இழுத்து சரி பண்ணலாம், டேப்ல அதெல்லாம் லேசுல நடக்காது, பாடினது பாடினதுதான். அதனால குரல் உடையற இடம், நாற்காலி கிறீச்சுங்கறது, மூச்சு வாங்கறது எல்லாம் அப்படியே இருக்கு. முதல் பாட்டுல பெரும்பாலும் பியானோவும் குரலும்தான், அவங்க அம்மாகிட்ட பேசற மாதிரி பாடறாங்க, வீட்டு நாய் செத்தப்பதான் அம்மா அழுது முதல்முதலா பாத்தேன்னு வருது. அந்த இடத்துல எனக்கு பஸ்ஸு எங்க போகுதுன்னே தெரியல. எங்கம்மா அழுது நான் ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன், அது ஞாபகம் வந்துடுச்சு, இறங்கற ஸ்டாப்ப விட்டுட்டு அடுத்ததுல இறங்கி நடந்தேன்.

அதே ஆல்பத்துல 'வாம்பயர் எம்பயர்'னு ஒரு பாட்டு. இதே பாட்ட 2023லயே பிக் தீஃப் பேண்டா வெளியிட்டிருந்தாங்க, அது நல்ல கட்டுக்கோப்பா இருக்கும். இதுல வர்றது நாலு பேர் அடுப்படியில நின்னுக்கிட்டு கைக்கு கிடைச்சத தட்டிப் பாடற மாதிரி இருக்கு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, கோவம் இதுல நிஜமாத் தெரியுது.

அதே மார்ச் 22, அதே நாள்லயே வாக்ஸஹாட்சியோட 'டைகர்ஸ் பிளட்'டும் வந்துச்சு. கேட்டி கிரட்ச்ஃபீல்டுங்கற, அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துப் பொண்ணு இந்தப் பேர்ல பாடறாங்க, அது அவங்க ஊர்ப் பக்கம் ஓடற ஒரு ஓடையோட பேரு. டைகர்ஸ் பிளட்ங்கறதும் புலி ரத்தம் இல்ல, துருவின ஐஸ் மேல ஊத்திக் குடுக்கற செகப்பு சிரப்போட பேரு, நம்ம ஊர்ல பள்ளிக்கூட வாசல்ல குச்சி ஐஸ் தின்னுட்டு நாக்கு செவந்து வீட்டுக்கு வந்தோமே, அந்த செகப்பு. டெக்சாஸ்ல மெக்சிகோ எல்லைகிட்ட இருக்கற சோனிக் ராஞ்ச்ங்கற ஸ்டூடியோவுல ரெக்கார்ட் பண்ணது. 'ரைட் பேக் டு இட்' பாட்டுல பேஞ்சோங்கற தந்தி வாத்தியம் மெல்ல நடந்து வரும், கூடவே ஒரு ஆம்பளக் குரல் கீழ் ஸ்தாயியில ஒட்டிக்கிட்டே போகும். ரொம்ப நாள் கூட வாழ்ந்து, சண்டை போட்டு, திரும்பத் திரும்ப அதே ஆள்கிட்ட வந்து சேர்ற காதலப் பத்தின பாட்டு. முதல் காதல் பாட்டு ஆயிரம் இருக்கு, இந்த மாதிரி பழகின காதலுக்குப் பாட்டு கம்மி.

அந்த ஆம்பளக் குரல் எம்.ஜே. லெண்டர்மேன். வட கரோலினாவுல ஆஷ்வில் ஊர்க்காரர், 1999ல பிறந்தவர், ஐஸ்கிரீம் கடையில வேலை பாத்தவர். அவரோட 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' 2024 செப்டம்பர்ல வந்துச்சு, ஒன்பதே பாட்டு. பாட்டுல வர்றவங்க எல்லாம் வீண் ஜம்பம் அடிச்சு தோத்துப் போன ஆம்பளைங்க, ஒருத்தன் குடும்பம் உடையற நேரத்துல வாடகைக்கு ஃபெராரி எடுத்து ஓட்டிட்டு இருக்கான். ஆனா அவங்கள கேவலப்படுத்தி எழுதல, பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி எழுதியிருக்காரு, அதுதான் பெரிய விஷயம். கடைசிப் பாட்டு பத்து நிமிஷம், அதுல பாதிக்கு மேல வார்த்தையே கிடையாது, வெறும் இரைச்சல். அது எனக்கு இன்னும் பிடிபடல, உண்மையச் சொல்றேன், ஆனாலும் நடுவுல நிறுத்தினது இல்ல.

லெண்டர்மேன் பாட்டுல பெடல் ஸ்டீல்னு ஒரு வாத்தியம் வருது, அதப் பத்தி தனியா சொல்லணும். ஹவாய் தீவுல பிறந்த ஸ்டீல் கிடாரோட வாரிசு இது. மேஜை மாதிரி படுக்க வெச்ச கிடார், பெரும்பாலும் பத்து கம்பி, இடது கையில ஒரு இரும்புக் கட்டைய கம்பி மேல வழுக்கிக்கிட்டே போவாங்க, கால்ல பெடல மிதிச்சு முழங்கால்ல நெம்புகோல தள்ளி சுருதிய ஏத்தி இறக்குவாங்க. கோட்டு வாத்தியம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இந்த வழுக்கல் சட்டுனு பிடிச்சுடும். ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொரு ஸ்வரத்துக்குத் தாவாம அழுதுக்கிட்டே போற அந்த இழுப்பு ரெண்டுக்கும் பொது, ஆனா இதுல ராகம் விரியாது, பாட்டுக்குப் பின்னாடி ஒரு பெருமூச்சு மாதிரி வந்துட்டுப் போயிடும்.

லெண்டர்மேன் கிடார் வாசிக்கற வெட்னஸ்டே பேண்டோட 'ப்ளீட்ஸ்' 2025 செப்டம்பர்ல வந்துச்சு, அதுலயும் இந்த வாத்தியம் இருக்கு. கார்லி ஹார்ட்ஸ்மேன் எழுதற பாட்டு, ஊர்க்கதை, சாவு, பழைய சிநேகம், எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்கும். அவங்களும் லெண்டர்மேனும் ஜோடியா இருந்து பிரிஞ்சவங்க, ஆனாலும் இந்த ஆல்பத்துல அவர் வாசிச்சிருக்காரு, அது தெரிஞ்சு கேட்டா 'எல்டர்பெர்ரி வைன்' பாட்டு வேற மாதிரி உறுத்துது. இவ்வளவு மென்மையான பாட்டு இருக்கற அதே ஆல்பத்துல ஒண்ணரை நிமிஷம் தொண்டை கிழியக் கத்தற பாட்டும் இருக்கு, பஸ்ல பக்கத்து சீட் அக்கா திரும்பிப் பாத்தாங்க. இந்த ஆஷ்வில் ஊர்தான் 2024 செப்டம்பர் கடைசியில ஹெலீன் புயல்ல வெள்ளத்துல மூழ்கினது. சென்னை வெள்ளத்தப் பாத்த நமக்கு அது தூரத்து செய்தியாத் தெரியாதுங்க.

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும், கிலியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட 'உட்லேண்ட்', 2024 ஆகஸ்ட்ல வந்தது, சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கு கிராமி விருதும் வாங்கிச்சு. உட்லேண்ட்ங்கறது அமெரிக்காவுல நாஷ்வில்ங்கற ஊர்ல அவங்க வெச்சிருக்கற ஸ்டூடியோவோட பேரு. 2020 மார்ச்ல சூறாவளி வந்து அதோட கூரைய பிச்சுட்டுப் போயிடுச்சு, ராத்திரி கரண்ட் இல்லாத இருட்டுல மழைத் தண்ணிக்கு நடுவுல இவங்க வாழ்நாள் பூரா ரெக்கார்ட் பண்ணின டேப்பையெல்லாம் தூக்கித் தூக்கி காப்பாத்தியிருக்காங்க. அப்புறம் அந்த இடத்தையே திரும்பக் கட்டி, அங்கயே பாடினதுதான் இந்தப் பத்துப் பாட்டும். ராலிங்ஸ் வாசிக்கறது 1935ல செஞ்ச ஒரு சின்ன எபிஃபோன் கம்பெனி கிடார், அதோட கணீர் சத்தம் வெல்ச் அம்மா குரலுக்கு மேல மணி அடிச்ச மாதிரி விழுது. ரெண்டு குரல்ல எது எங்க முடியுது, எது எங்க ஆரம்பிக்குதுன்னு பல இடத்துல பிரிக்க முடியல.

பிக் தீஃபோட 'டபுள் இன்ஃபினிட்டி' (2025) மட்டும் எனக்கு முதல்ல ஒட்டல. பேண்ட்ல பாஸ் கிடார் வாசிச்சவர் விலகினதுக்கு அப்புறம், நியூயார்க்ல பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவுல நிறைய கலைஞர்கள கூட்டி எல்லாரையும் ஒண்ணா வாசிக்க வெச்சு எடுத்தாங்க. ஜனம் ஜாஸ்தி, சத்தமும் ஜாஸ்தி. ஆனா முதல் பாட்டுல லெங்கர் தனக்கு 33 வயசாகப் போகுதுன்னும் நரைக்கறதுக்கு பயப்பட மாட்டேன்னும் பாடறாங்க, அதுக்காகவே திரும்பத் திரும்பப் போட்டு இப்ப ஆல்பமே பிடிச்சுப் போச்சு.

ஐயா, நான் கேக்கறது ஒண்ணுதான். மாசம் ஒரு பக்கம் இந்த மாதிரி ஆல்பத்துக்குக் குடுங்க. எத்தன பேர் கேட்டாங்க, எவ்வளவு வசூல்னு போட வேண்டாம், எந்த ரூம்ல, யார் யார் உக்காந்து, எப்படி வாசிச்சாங்க, பாட்டு எதப் பத்தினதுன்னு தமிழ்ல சொன்னா போதும். இங்கிலீஷ் உச்சரிப்பு புரியாம ஒதுங்கிப் போற எங்க ஆபீஸ் பிள்ளைங்களுக்கு நானே டீ டைம்ல ஒவ்வொரு வரியா அர்த்தம் சொல்லிட்டு இருக்கேன், நீங்க எழுதினா இன்னும் நிறையப் பேருக்குப் போய்ச் சேரும். கட்டுரை எழுதினவருக்கும் இந்தக் கடிதத்தக் காட்டுங்க, அவர் 'உட்லேண்ட்'ல இருந்து ஆரம்பிக்கட்டும், ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்சதும், ஃபோன் ஸ்பீக்கர்ல இல்லாம ஹெட்போன்ல.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
திண்டுக்கல்.