அண்ணாவுக்கு, அப்பாவோட தலைத்திவசத்துக்கு முன்னாடி

அண்ணா,

போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்திட்டு வச்சிடுறோம், வாட்ஸப்ல எழுதினா நீ பதிலே போட மாட்டேங்குற, அதான் இங்க எழுதறேன், நீ எப்படியும் படிப்ப. சொந்தக்காரங்களும் படிக்கிறாங்க, அதனால தொகை, பங்கு பேச்செல்லாம் இங்க வேணாம். தலைத்திவசத்துக்கு வரேன். வீட்டுப் பத்திர விஷயத்துலயும் முடிவுக்கு வந்துட்டேன்.

அந்த ஐசியூ வாசல்தான் இன்னும் மனசை விட்டுப் போகல. நான் செவுத்துல சாஞ்சு அழுதுட்டு இருக்கேன், நீ மருந்துச் சீட்டை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம, "சிலது நம்ம கையில இருக்கு, சிலது இல்ல, எபிக்டீட்டஸ் சொல்லல?"ன்னு கேட்ட. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல.

அப்புறம் எபிக்டீட்டஸ்ங்கிற அந்த ஸ்டோயிக் தத்துவ ஞானியோட பேச்சைத் தொகுத்த கையேட்டை முழுசா படிச்சேன். அடிமையா இருந்தவர், கால் ஊனம், ரோமப் பேரரசன் டொமிஷியன் தத்துவம் பேசுறவங்களை விரட்டினப்போ கிரீஸ்ல இருக்கிற நிக்கோபொலிஸுக்குப் போய் பாடம் எடுத்தவர், அவர் எதுவும் எழுதி வைக்கல, மாணவன் அரியன் குறிச்சு வச்சதுதான் நாம படிக்கிறது. அவர் சொன்னா கேட்டுக்கலாம். ஆனா நீ முதல் பகுதியோட நின்னுட்டியே அண்ணா. அதே கையேட்டுல 16வது பகுதி, அழறவங்களைப் பார்த்தா ஆறுதல் சொல்லத் தயங்காதே, தேவைப்பட்டா கூட சேர்ந்து புலம்பு, ஆனா உள்ளுக்குள்ள புலம்பாம பாத்துக்கோன்னு இருக்கு. ஸ்டோயிக்கே அழச் சொல்றாரு, நீ ஏன் அழல?

ஊரறிய இப்படிக் கேக்குறதுக்கு சாரி. ஆனா கேக்காம மனசுல வச்சிருந்ததாலதான் இத்தனை மாசம் ரெண்டு பேரும் முகம் குடுத்துப் பேசல. அந்த ராத்திரி முழுக்க ரத்தத்துக்கும் பில்லுக்கும் ஓடினது நீ ஒருத்தன்தான், உன் கால் வீங்கியிருந்ததை நான் பார்த்தேன், நீயும் உடைஞ்சா என்னை யாரு பாத்துக்கறதுன்னு நெனச்சிருப்ப. அப்படித்தானே?

எனக்குக் கை குடுத்தது நீ எப்பவும் மட்டம் தட்டுற கிரேக்க தத்துவ ஞானி எபிக்யூரஸ். கி.மு. 270ல சிறுநீர்க் கல் அடைச்சு சாகுற அன்னைக்கு நண்பன் இடோமெனியஸுக்கு லெட்டர் எழுதறாரு, வலி தாங்க முடியாத அளவுக்கு இருக்குங்கறதை மறைக்கவே இல்ல, ஆனா நாம பேசினதெல்லாம் நெனச்சுப் பார்க்கிற சந்தோஷம் அதுக்கு ஈடா நிக்குதுன்னு சொல்லிட்டு, முன்னாடியே இறந்துபோன நண்பன் மெட்ரோடோரஸோட பிள்ளைங்களைப் பாத்துக்கோன்னு கேக்குறாரு. அப்பாவும் மாஸ்க்கை விலக்கிட்டு அத்தையைப் பத்தித்தான் கேட்டாரு. நீயும் பக்கத்துலதான் நின்ன.

எபிக்யூரஸ் உயிலைப் படிச்சுப் பாரு. சொத்தை ரெண்டு ஏதென்ஸ்காரங்க பேர்ல எழுதிட்டு, ஏதென்ஸ்ல மெலிட்டேங்கிற பகுதியில இருக்கிற வீட்ல, தனக்கு அப்புறம் பள்ளியை நடத்தப்போற ஹெர்மார்க்கஸும் கூட இருக்கிறவங்களும் ஹெர்மார்க்கஸ் ஆயுசு வரைக்கும் குடியிருக்க விடணும்னு தனியா ஒரு வரி போட்டிருக்காரு. பேர்ல எழுதினவங்க அன்பா இருப்பாங்கன்னு நம்பி விட்டுடல, எழுத்துலயே வச்சுட்டாரு.

நம்ம பத்திரத்துலயும் அந்த வரி வேணும். வீடு உன் பேர்லயே இருக்கட்டும், என் உரிமையை விட்டுக் குடுக்கிற விடுதலைப் பத்திரத்துல நான் கையெழுத்து போடறேன். அத்தை இருக்கிற வரைக்கும் பின்கட்டு அத்தைக்கு, வாடகை கிடையாது, யாரும் காலி பண்ணச் சொல்லக் கூடாது. வக்கீல்கிட்ட நீயே சொல்லி எழுத வச்சிடு, திவசம் முடிஞ்ச மறுநாள் ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிட்டு வந்துடலாம்.