பரணிலிருந்து இறங்கிய பேப்பர் கட்டு

திருச்சி

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பலால் தாமதிக்கவில்லை. வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள் என்று பரணைக் காலி செய்யப் போனவன், 2021ஆம் ஆண்டின் பேப்பர் கட்டோடு உட்கார்ந்துவிட்டேன். அம்மா எதையும் எடைக்குப் போட விடமாட்டார், உனக்குத் தெரியாததா.

காரணம் ஓர் ஆய்வு. பேக்கர், புளூம், டேவிஸ் என்று மூன்று பொருளாதார அறிஞர்கள். அரசின் கொள்கை எவ்வளவு தெளிவில்லாமல் கிடக்கிறது என்பதைச் செய்தித்தாளைக் கொண்டே அளந்து, 2016இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அமெரிக்காவின் 10 பெரிய நாளிதழ்கள். பொருளாதாரம், நிச்சயமின்மை, கூடவே வெள்ளை மாளிகை, பற்றாக்குறை போல அரசைச் சுட்டும் ஒரு சொல் என மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் கணக்கில் ஒன்று. அதை அந்த மாதத்து மொத்தச் செய்திகளால் வகுக்கிறார்கள். இல்லாவிட்டால் பக்கம் கூடிய மாதமெல்லாம் குழப்பமான மாதமாகிவிடும். மருத்துவக் கொள்கைக்குத் தனிச் சொற்பட்டியலே வைத்திருக்கிறார்கள். கணினி எண்ணியது சரிதானா என்று பார்க்க, மாணவர்களை உட்காரவைத்து 12,000 செய்திகளைப் படிக்கச் செய்தார்களாம். அதற்கு 65 பக்க வழிகாட்டி! பத்திரிகை டெஸ்க்கில் நீ குப்பை கொட்டிய காலத்தில் உனக்கு யாராவது அரைப் பக்கம் எழுதிக் கொடுத்ததுண்டா?

இதே முறையில் இந்தியாவுக்கான குறியீட்டை 7 நாளிதழ்களிலிருந்து எடுக்கிறார்கள். ஏழும் ஆங்கிலம். தமிழ்ப் பேப்பரையும் அப்படி எண்ணிப் பார்க்கத்தான் என் பென்சிலும் அம்மாவின் கட்டும்.

முதலில் கொரோனா தடுப்பூசிச் செய்திகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'நிச்சயமின்மை' என்ற சொல் கண்ணிலேயே படவில்லை. பேப்பர் முழுக்கத் தேடினால் 'குழப்பம்' நிறையக் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி தொகுதிப் பங்கீடு. ஏப்ரலில் தேர்தல் அல்லவா.

கட்டின் நடுவே அந்த வருடக் காலண்டரின் தாள்களும் இருந்தன. அம்மா மார்ச் 20 அன்று கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டாம் ஊசிக்கு 28 நாளில் வரச் சொன்னார்கள். ஏப்ரல் 17ஐச் சுற்றி ஒரு வட்டம். முதல் ஊசி போட்ட இரண்டே நாளில், மார்ச் 22ஆம் தேதி, இடைவெளியை 6 முதல் 8 வாரம் ஆக்கினார்கள். வட்டத்தை அடித்துவிட்டு மே 8இல் இன்னொன்று. அந்த வாரம் மருந்து இருப்பு இல்லை. 13ஆம் தேதி, 12 முதல் 16 வாரம் என்று அறிவிப்பு. பிரிட்டனில் கிடைத்த அனுபவம் அப்படிச் சொல்கிறது என்பது காரணம். மறுநாளே பிரிட்டன், 50 வயதைக் கடந்தவர்களுக்கு 12 வாரத்தை 8 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. அங்கே புது வகை வைரஸ் பரவிய அவசரம். அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஏதாவது ஒரு தேதியைச் சொல்லட்டும், போய்க்கொள்கிறேன்" என்றார்.

இப்போது அந்த மூன்று அறிவிப்புகளும் வந்த பேப்பரைப் படித்துப் பார். ஒன்றிலும் ஐயத்தின் சாயல் கிடையாது. வாரக் கணக்கு, நிபுணர் குழு, முற்றுப்புள்ளி. சொல்லை எண்ணுகிறவனுக்கு அந்த மூன்று நாளும் பூஜ்யம்தான். எங்கள் வீட்டுச் சமையலறையில் அதைவிடத் தெளிவற்ற நாட்கள் இருந்ததில்லை. தகவல் மாறினால் முடிவு மாறத்தான் வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இதுவே கடைசிச் சொல் என்ற குரலில் சொன்னார்களே, அதை எந்தச் சொல்லைத் தேடி எண்ணுவது? என்னைக் கேட்டால், ஒரே கேள்விக்கு எத்தனை மாதத்தில் எத்தனை விடை அச்சானது என்று எண்ணுவேன். அம்மாவின் வட்டங்களும் அதைத்தான் எண்ணியிருக்கின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். நம் செய்திகளில் ஐயம் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எனத் தெரிகிறது', 'எனக் கூறப்படுகிறது', 'எதிர்பார்க்கப்படுகிறது', 'மறு உத்தரவு வரும் வரை'. இவற்றில் எது உண்மையாகவே உறுதியில்லாதபோது எழுதியது, எது கைப்பழக்கத்தில் விழுந்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. முப்பது வருடம் அந்த வால்களை ஒட்டியவன் நீ. நினைவில் உள்ளதையெல்லாம் தரம் பிரித்து ஒரு தாளில் எழுதி அனுப்பு.

அம்மா நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். கட்டு இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது. வெள்ளையடிப்பவர் வியாழக்கிழமை வருகிறார்.

அன்புடன்,
ராமலிங்கம்