சைன் ஆஃப் நேரத்தை நீயே எழுதி வை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உதவி லோகோ பைலட் டிரெயினிங் முடிந்து, ரயில் ஓட்டுகிறவர்கள் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் லாபியில் உன் பெயர் ஏறிவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். அப்புறம் நீ அனுப்பிய வாட்ஸ்அப்பையும் படித்தேன். "சங்கம் கிங்கம் எல்லாம் உங்க காலம் மாமா. 74 ஸ்டிரைக்கே தோத்துப்போச்சே!" போனில் பதில் சொன்னால் கத்திவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த 1974 ரயில்வே ஸ்டிரைக்கை முதலில் பார்ப்போம். போனஸ், பொதுத்துறைக்காரர்களுக்கு இணையான சம்பளம், எட்டு மணி நேர வேலை. கேட்டது இவைதான். மே 8 அன்று தொடங்கியது. சுமார் 17 லட்சம் பேர் இறங்கினார்கள். தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸை மே 2-ம் தேதியே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். மே 27-ல் வாபஸ். கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. அது உண்மைதான்.

உன் தாத்தா அப்போது ஸ்டீம் இன்ஜினில் ஃபயர்மேன். வேலைக்கு இழுத்துப் போக போலீஸ் வரும் என்று தெரிந்து ஊர்ப்பக்கம் போய்விட்டார். அவருக்குப் பதில் நாங்கள் மாட்டினோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ராத்திரியோடு ராத்திரியாகச் சாமான்களைத் தெருவில் எடுத்துப் போட்டார்கள். எனக்குப் பத்து வயது, உன் அம்மாவுக்கு நாலு. உன் பாட்டி மற்ற எதையும் தொடவில்லை. அன்று அரைத்து வைத்த இட்லி மாவை மட்டும் சிந்தாமல் தூக்கிக்கொண்டு புளியமரத்தடியில் நின்றாள். தாத்தாவுக்கு வேலை போனது. 1977-ல் ஜனதா ஆட்சி வந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. இடையில் ஒரு செங்கல் சூளையில் கணக்கு எழுதினார்.

போனஸ் 1979-ல் வந்தது, சரண் சிங் ஆட்சியில். ஆயுதபூஜை சமயத்தில் உன் கணக்கில் ஏறப்போகும் 78 நாள் போனஸுக்கு வேர் அதுதான். மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டு 17,951-க்கு மேல் தரமாட்டார்கள். அது வேறு சண்டை.

நம் ஆட்களின் உண்மையான சண்டை நேரத்தைப் பற்றியது. 1973 ஆகஸ்டில் இன்ஜின் ஓட்டும் லோகோ தொழிலாளர்கள் மட்டும் தனியாக ஸ்டிரைக் செய்தார்கள். டியூட்டியில் ஏறும் சைன் ஆனில் இருந்து டியூட்டி முடிக்கும் சைன் ஆஃப் வரை பத்து மணி நேரம்தான் என்று ரயில்வே அமைச்சர் எல்.என்.மிஸ்ரா ஒத்துக்கொண்டார். ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. நான் சரக்கு வண்டியில் பதினாலு மணி நேரம் உட்கார்ந்த நாட்கள் எத்தனையோ.

இன்ஜினில் உன் எதிரே ஒரு கருவி இருக்கும். அறுபது விநாடி எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கும், அப்புறம் பஸர் அடிக்கும், அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் பிடித்துவிடும். தொடர்ந்து மூன்றாவது நைட் டியூட்டியில், விடியற்காலை மூன்று மணிக்கு, தூக்கத்திலேயே கை போய் அந்தப் பொத்தானை அமுக்கும். நான் அமுக்கியிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2024 ஜூனில் தெற்கு ரயில்வேயில் நம் பையன்கள் செய்ததற்கு ஸ்டிரைக் என்று பேர் வைக்க முடியாது. டியூட்டி முடிந்தபின் உள்ள 16 மணி ரெஸ்ட் வேறு, வார ரெஸ்ட் 30 மணி வேறு, இரண்டும் சேர்த்து 46 மணி என்று வீட்டில் இருந்தார்கள். இரண்டு இரவுக்கு மேல் தொடர்ந்து வரமாட்டோம் என்றார்கள். தூங்கப் போனதற்கு ஒழுங்கு நடவடிக்கை! பெரிய சங்கங்கள் அப்போது இன்னும் சத்தமாகப் பேசியிருக்கலாம் என்பது என் வருத்தம். ஓட்டுகிறவர்களுக்கென்றே உள்ள சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது. பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு நாற்காலி இல்லை.

அதே ஜூன் 17-ல் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது பின்னாலிருந்து சரக்கு ரயில் மோதிய விபத்து. இறந்துபோன சரக்கு ரயில் லோகோ பைலட் மேல்தான் அன்றைக்கே பழி விழுந்தது. சிக்னல் பழுதானபோது வண்டிகளை நடத்திய முறையே சரியில்லை என்று பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அறிக்கை சொன்னது. உதவி லோகோ பைலட் வேலைக்கு ஜனவரியில் அறிவித்த இடங்கள் 5,696. விபத்து நடந்த அதே வாரத்தில் அது 18,799 ஆனது. அவ்வளவு ஆள் பற்றாக்குறை முந்தின வாரம் யார் கண்ணிலும் படவில்லையா? அந்த 18,799-ல்தான் நீயும் இருக்கிறாய் மாப்பிள்ளை.

எந்தச் சங்கத்தில் சேர வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள். சைன் ஆன், சைன் ஆஃப், தொடர்ந்து எத்தனை நைட் என்று தினமும் உன் கையால் எழுது. லாபி கம்ப்யூட்டர் ஒரு கணக்கு வைத்திருக்கும், அது அவர்களுடையது. ஆறு மாதம் கழித்து நோட்டை எடுத்து வா, இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அடுத்த ரெஸ்ட் என்றைக்கு என்று சொல். தூங்கி எழுந்த பிறகு போன் பண்ணு.

அன்புடன்,
மாமா