ஸ்பெயின் என்றால் தக்காளித் திருவிழா மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையின் கடைசியில் ஸ்பெயினுக்குச் செல்ல விரும்புவோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மாட்ரிட், பார்சலோனா, புன்யோல் ஊரின் தக்காளித் திருவிழா, காளைச் சண்டை என அனைத்தையும் ஒரே வாரத்துக்குள் திணித்திருக்கும் அந்தப் பயணத் திட்டம், லட்சக்கணக்கில் செலவழித்துச் செல்பவர்களுக்கு அலைச்சலைத்தான் மிச்சமாக்கும் என்பது, சென்ற செப்டம்பரில் மனைவியுடன் அங்கே சென்று வந்தவன் என்ற முறையில் என் கருத்து. வடகிழக்கில் உள்ள கத்தலோனியா என்ற ஒரு பகுதியிலேயே, ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிக்குள், திருவிழா, ஓவியம், கடலோர நடை ஆகிய மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. கட்டுரை அதற்கு இரண்டு வரிகூட ஒதுக்கவில்லை.

முதலில் ஒரு திருத்தம். பார்சலோனாவில் காளைச் சண்டை காணலாம் என்று அச்சாகியிருந்தது. கத்தலோனிய நாடாளுமன்றம் 2010-இல் அதற்குத் தடை விதித்தது; அந்நகரில் கடைசியாகக் காளைச் சண்டை நடந்தது 2011 செப்டம்பரில். 2016-இல் ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் தடையை ரத்து செய்த பின்னரும் அது அங்கே திரும்பவில்லை. தக்காளித் திருவிழாவோ, ஆகஸ்ட் மாதக் கடைசிப் புதன்கிழமை ஒருவர்மேல் ஒருவர் தக்காளியை எறிந்து ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகிற கூத்து; 2013 முதல் கட்டணச் சீட்டும் உண்டு. (தக்காளியை ரொட்டியில் தேய்த்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் விட்டுக் கத்தலோனியர்கள் தருவது அதைவிட நல்ல பயன்பாடு. சைவ உணவுக்காரர்களுக்குப் பல ஊர்களில் அதுதான் துணை.)

அங்கே காண வேண்டியது மனிதக் கோபுரம். 'காஸ்தெல்' எனப்படும் இக்கலை தர்ரகோனாவுக்கு அருகிலுள்ள வால்ஸ் என்னும் ஊரில் வேர்கொண்டது. 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகஸ்ட் 30 அன்று விலாஃபிராங்காவிலும், செப்டம்பர் 23-ஐ ஒட்டித் தர்ரகோனாவிலும், 24-ஐ ஒட்டி 'லா மெர்சே' விழாவின்போது பார்சலோனாவிலும் இதைக் காணலாம். நாங்கள் பார்த்தது பார்சலோனா நகர மன்றத்தின் முன்னுள்ள சதுக்கத்தில். அடியில் நூற்றுக்கணக்கானோர் ஒருவர் முதுகில் மற்றவர் மார்பை அழுத்தி நெருக்கி நிற்க, அவர்களுக்கு மேலே தோளுக்குத் தோள் எட்டு, ஒன்பது அடுக்குகள் எழும்புகின்றன. ஏறுபவர்கள் வெறுங்காலுடன், கீழே நிற்பவரின் இடுப்பில் இறுகச் சுற்றிய கறுப்புத் துணிப் பட்டையில் கால்விரலை ஊன்றி ஏறுகிறார்கள். கோபுரம் ஓரளவு எழும்பியதும், நம் நாகஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் 'கிரல்யா' என்ற குழல் ஒலிக்கத் தொடங்கும். தலை நிமிர்த்திப் பார்க்க முடியாமல் அடியில் பாரம் தாங்குபவர்கள், மேலே என்ன நடக்கிறது என்பதை அந்த இசையைக் கொண்டே அறிகிறார்கள். தலைக்கவசம் அணிந்த சிறுமி ஒருத்தி உச்சியைத் தொட்டுக் கையை உயர்த்துவாள். ஆனாலும் எல்லோரும் சரியாமல் இறங்கி முடித்தால்தான் கோபுரம் முழுமை பெற்றதாகக் கணக்கு. ஓரத்தில் நின்றிருந்த என் மனைவியை ஒரு மூதாட்டி தொட்டுக் கூப்பிட்டு, கைபேசியை உள்ளே வைத்துவிட்டு முன்னால் நிற்பவரின் முதுகில் கை கொடுக்குமாறு சைகை காட்டினார். வெறும் பார்வையாளராக வந்தவருக்கு அப்படி ஓர் இடம் கிடைப்பதைப் பயண நிறுவனங்களின் தொகுப்புச் சுற்றுலாவில் எதிர்பார்க்க முடியாது.

அதே விழாவின் இரவில், பிசாசு வேடமிட்டவர்கள் வாணங்களைச் சுழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிவரும் 'கொரெஃபோக்' நடைபெறும். அருகில் செல்பவர்கள் முழுக்கைப் பருத்தி ஆடை அணிவதும் தலையை மூடிக்கொள்வதும் அவசியம். நைலான் புடவையுடன் தயவுசெய்து போக வேண்டாம்.

ஓவியத்துக்கு ஃபிகெரெஸ் நகரம். பார்சலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உள்நாட்டுப் போரின் முடிவில், 1939-இல் எரிந்துபோன நகர நாடக அரங்கையே அவ்வூர் ஓவியர் சல்வடோர் டாலி தம் அருங்காட்சியகமாக மாற்றி 1974-இல் திறந்தார். 1989-இல் அந்த மேடைக்கு அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அங்கிருந்து பேருந்தில் கடக்கேஸ் என்ற மீனவர் ஊருக்குச் சென்று, அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் போர்ட் லிகாட் விரிகுடாவில் அவர் வாழ்ந்த வீடு. சிறு சிறு குழுக்களாகவே உள்ளே அனுமதிப்பதால் முன்பதிவு கட்டாயம். வாசலறையில் கழுத்து நிறைய மாலைகளுடன் பாடம் செய்த துருவக் கரடி ஒன்று நிற்கிறது. அதைவிட முக்கியம், வீட்டைப் பார்த்த பிறகு காப் தெ கிரெயுஸ் முனையை நோக்கி நடப்பது. உருகி வழியும் கடிகாரங்களை அவர் 1931-இல் வரைந்த ஓவியத்தின் பின்னணியில் தெரியும் பாறைகள், இந்தக் கரையில் அதே பழுப்பு வெளிச்சத்தில் நிற்கின்றன. விசித்திரக் கற்பனை என்று நாம் எண்ணியிருந்ததில் பாதி, அவர் அன்றாடம் பார்த்த ஊர்தான்.

நடையில் விருப்பமுள்ளவர்களுக்குத் தெற்கே பலஃப்ருஜெல் பகுதியில், கடத்தலைத் தடுக்கக் காவலர்கள் ரோந்து சென்ற பழைய கரைப்பாதை இருக்கிறது. பைன் மரங்கள், பாறையில் வெட்டிய படிகள், ஊருக்கு ஊர் சிறிய கடற்கரை என்று நீளும் அப்பாதையில் கலெயாவிலிருந்து லியாஃப்ராங்க் வரையுள்ள பகுதியை அறுபது வயதைத் தாண்டிய நாங்களே சிரமமின்றி நடந்தோம். 1988-ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் கரையோரமாக ஆறு மீட்டர் அகலத்தைப் பொதுமக்கள் நடப்பதற்கென ஒதுக்கியிருக்கிறது. கரையை வளைத்து வேலி போடும் விடுதிகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது பெரிய செய்தி. செப்டம்பரில் கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்; திடீர் இடிமழையும் உண்டு.

உள்ளூர் மக்களுக்குச் சுற்றுலாப் பயணிகள்மீது கோபம் இருப்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். வீட்டு வாடகை ஏறியதைக் கண்டித்து 2024 ஜூலையில் பார்சலோனாவில் ஊர்வலம் நடந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அடுக்கக வீடுகளை வாடகைக்கு விடும் உரிமங்களை 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக நகர நிர்வாகமும் அறிவித்திருக்கிறது. ஆகவே விடுதியில் தங்குவதே நல்லது.

ஸ்பெயின் செல்லத் தேவைப்படும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எனவே வரும் மார்ச்சுக்குள், இவ்விழாக்களின் தேதிகளோடும் பேருந்து, ரயில் விவரங்களோடும் கத்தலோனியா பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.