தட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு வெளியூர் போகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்புகளைப் படித்தேன். பால்கனித் தொட்டிகளுக்கு அடியில் அகலமான தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டால் ஒரு வாரம் கவலையில்லை என்று போட்டிருந்தீர்கள். எழுதியவர் மே மாதத்தில் மதுரையில் இருந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. மே 4-ல் கத்திரி பிறந்துவிட்டால் மேற்குப் பார்த்த பால்கனியில் அந்தத் தண்ணீர் இரண்டு நாள் தாங்காது. நிழலில் இருந்து தாங்கிவிட்டாலோ, அது இன்னும் மோசம்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீர் போதும், குளம் குட்டை தேவையில்லை. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள், கிட்டத்தட்ட நாம் ஊருக்குப் போய் வருகிற கணக்குத்தான். வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஆச்சு என்றும் நினைக்க வேண்டாம், முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும், அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் முதலில் தொட்டித் தட்டைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள், வீடு பூட்டிக் கிடந்தால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? இதைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் வில்லாபுரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம், மொத்தம் 16 தொட்டி. மல்லி நாலு, செம்பருத்தி ரெண்டு, துளசி, கறிவேப்பிலை, ஓமவல்லி, புதினா, மீதியெல்லாம் என் மனைவி போகிற வீட்டிலெல்லாம் ஒடித்துக்கொண்டு வந்து நட்ட குச்சிகள். போன வருடம் 9 நாள் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனபோது திரி முறையை முயன்றேன். விளக்கில் திரி எண்ணெயை இழுக்கிறதல்லவா, அதேதான். வாளித் தண்ணீரில் துணித்திரியின் ஒரு முனை, தொட்டி மண்ணில் மறுமுனை. இதில் நான் செய்த புத்திசாலித்தனம், வாளியைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தது. தண்ணீர் கீழ்நோக்கிச் சுலபமாக இறங்கும் என்று கணக்குப் போட்டேன். சுலபமாகத்தான் இறங்கியது. நாங்கள் போன மறுநாளே கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து போன், "அண்ணே, குழாயை மூடாம போயிட்டீங்களா? கூழ் வத்தல் காயப் போட்டிருந்தேன், எல்லாம் போச்சு" என்று. வாளி காலி, தொட்டியெல்லாம் ஒழுகி, ஒரு படி அரிசி வத்தல் நனைந்து, ஊரிலிருந்து வரும்போது ஒரு டப்பா மைசூர்பாகோடு அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாகிவிட்டது.

திரும்பி வந்து சாவகாசமாக உட்கார்ந்து பார்த்ததில் சில விஷயம் புரிந்தது. வாளியை உயரத்தில் வைத்தால் திரி வேலை செய்யாது, குழாய் வேலைதான் செய்யும், சொட்டு நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ரொம்பத் தாழ வைத்தால் தண்ணீர் மேலே ஏறித் திணறும். வாளியும் தொட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். திரிக்குப் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் திரித்தேன். பருத்தி, அதுவும் பல தடவை துவைத்துக் கஞ்சி போனதாக இருக்க வேண்டும், புதுத்துணி தண்ணீரைச் சரியாக இழுக்காது, பாலியஸ்டர் கலந்தது வீண். முதலில் திரியை முழுக்க நனைத்து, வேர்ப்பக்கமாக நாலு விரல் ஆழம் சொருக வேண்டும். வாளிக்கும் தொட்டிக்கும் நடுவே வெளியில் கிடக்கிற துண்டுதான் அடிக்கிற அனல்காற்றில் காய்ந்து தொலைக்கிறது, அதைப் பழைய ஓஸ் குழாய்த் துண்டுக்குள் நுழைத்துவிட்டால் கவலையில்லை. வாளி வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கொசுவுக்குத் தட்டுக்குப் பதில் வாளி கொடுத்த கதையாகும்.

பெரிய தொட்டிகளுக்கு இதைவிட நல்லது மண்கலயம். மானாமதுரைப் பக்கத்து மண்பாண்டம் இங்கே எங்கும் கிடைக்கிறது. சின்னக் கலயம் ஒன்றைத் தொட்டி மண்ணில் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால், மண் காயக் காய அது கசிந்து கொடுக்கும், மண் ஈரமாக இருந்தால் கசிவும் குறையும். வாங்கும்போது பெயின்ட் அடித்த அழகுக் கலயத்தை எடுத்துவிடாதீர்கள், தண்ணீர் கசிகிற சின்னத் துளைகளையெல்லாம் பெயின்ட் அடைத்துவிடும்.

மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் வாங்கி மாட்டலாம் என்று அலுவலக நண்பர் சொன்னார். 20 சொட்டு ஒரு மில்லி, 10 விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் நாளைக்கு 430 மில்லி, கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேனில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டும் மெதுவாகிறது, எங்கள் போர் தண்ணீரின் உப்பு வேறு நுனியை அடைத்துவிடுகிறது. ஒன்றிரண்டு நாளுக்குச் சரி, அவ்வளவுதான்.

எந்த முறையானாலும் தொட்டிகளை வெயிலிலிருந்து உள்சுவர் ஓரம் தள்ளி நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கற்றாழை, அடினியத்தைத் தொடவே வேண்டாம், அவை நாம் இல்லாதபோதுதான் நிம்மதியாக இருக்கும். அப்புறம், கிளம்புகிற அன்று காலையில் திரி மாட்டாதீர்கள். நாலு நாள் முன்பே மாட்டி, வாளியில் எவ்வளவு இறங்குகிறது என்று கோடு போட்டுப் பார்த்தால்தான் உங்கள் பால்கனிக்கு எத்தனை வாளி வேண்டும் என்று தெரியும்.

இந்த வருடம் 12 நாள் போகிறோம். வாளிகளில் கோடு போட்டாயிற்று, கீழ்வீட்டு அம்மாவிடம் சாவியும் கொடுத்தாயிற்று. எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், வத்தல் பிழிவதற்கு நாள் பார்க்கிறாராம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லாபுரம், மதுரை.