அறுந்துபோனது ஒலி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கிராமத்துப் பாழுங்கிணற்றுப் பேய்க்கதையை வைத்து எடுத்த சிறிய படத்துக்குச் சென்ற இதழில் விமர்சனம் வந்திருந்தது. பல இடங்களில் ஒலி அறுந்துபோகிறதாம்; குறைந்த செலவில் எடுத்த படம் என்பதால் மன்னித்துவிடலாமாம். அந்த வரி இரண்டு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் ஒலிப்பதிவாளராக வேலை செய்தவன் நான். படத்தைத் திரையரங்கில் இரண்டு முறை பார்த்தேன். அங்கே ஒலி அறுந்துபோகவில்லை, சில்வண்டுகள் அடங்குகின்றன. இரவில் வயல்வெளியில் ஆள் நடந்தால், காலடி அதிர்வு பட்டதும் பக்கத்தில் இருக்கும் சில்வண்டுகள் கத்துவதை நிறுத்திவிடும். அசையாமல் நின்றால் சிறிது நேரத்தில் மறுபடி தொடங்கும். படத்தில் அந்தப் பெண் கிணற்றடியில் அசையாமல்தான் நிற்கிறாள். ஆனாலும் அவளுக்குப் பின்னால் சத்தம் அடங்குகிறது. முதலில் தொலைவில், பிறகு அருகில். வருவது யார் என்று காட்டவே இல்லை. என் கழுத்து வியர்த்துவிட்டது. இதைப் போய்க் குறை என்று எழுத எப்படி மனம் வந்தது?

இப்படிப்பட்ட அமைதிக்காக நானும் ஒரு படத்தில் ஒன்பது இரவுகள் காட்டில் கிடந்தேன். ஒலி பழுதாகிவிட்டது என்று நினைத்த தயாரிப்பாளர் அதன் மேல் வயலினைப் போட்டு மூடிவிட்டார். அந்த வலி இன்னும் போகவில்லை.

பேயைக் காட்டாதது பணமில்லாமையால் அல்ல என்பது தங்களுக்குத் தெரியாததா? 1999-இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தில் நடிகர்களே கேமராவைப் பிடித்தார்கள். சூனியக்காரியை ஒரு நொடிகூடக் காட்டவில்லை. கூடாரத்துக்கு வெளியே கேட்கும் ஓசைகளே உலகத்தை நடுங்க வைத்தன. அந்தப் படத்தைப் பற்றிய தங்கள் கட்டுரையில், சூனியக்காரியின் கதை அமெரிக்காவின் பர்க்கிட்ஸ்வில் ஊரின் பழைய நம்பிக்கை என்று எழுதியிருந்தீர்கள். இயக்குநர்கள் புனைந்த கதை அது. அதை உண்மை என்று நம்பிப் போனவர்களால் அந்தச் சிற்றூர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெயர்ப்பலகைகளைக்கூடத் திருடிக்கொண்டு போனார்கள். அப்போதே கடிதம் எழுதினேன். தாங்கள் வெளியிடவில்லை.

முடிவை விமர்சனத்திலேயே சொல்லிவிடும் வழக்கத்தைப் பற்றியும் இருமுறை எழுதினேன். இந்த முறையும் கிணற்றுக்குள் இருப்பது யார் என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டீர்கள். இயக்குநர், நடிகர், ஒளிப்பதிவாளர் பெயர்களெல்லாம் இருக்கின்றன. ஒலி அமைத்தவர் பெயர் மட்டும் இல்லை. குறை சொல்லும்போது ஒலி நினைவுக்கு வருகிறது. பெயர் போடும்போது மறந்துபோகிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் காட்சிகளில் ஒலி பழுதாகவில்லை என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். ஒலி அமைத்தவரின் பெயரையும் அதில் சேருங்கள். படத்தின் இறுதியில் மூன்றாவது பெயராக வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர்